பழைய வில்லை வேட்டைக்கு எடுக்கலாமா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மான் வேட்டைக்கான வில் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. அதற்கு முந்தைய கோடையில், தாத்தா கராஜில் மாட்டிவைத்த வில்லை இறக்கித் தூசி தட்டுகிறவர்கள் அங்கே உண்டு. (இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வேட்டைக்குக் கதவடைத்துவிட்டது. இது அங்குள்ளவர்களின் கவலை.) வில்லைக் கையில் எடுத்ததும் நாணை ஒருமுறை இழுத்துப் பார்க்கத் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். அம்பில்லாமல் இழுத்து விட்டால் அம்புக்குப் போகவேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பும்.

முதலில் என்ன வகை என்று பாருங்கள். உருளைகளும் கம்பிவடங்களும் உள்ள காம்பவுண்ட் வில் என்றால் முடிவு சுலபம். மிசூரியைச் சேர்ந்த ஹாலெஸ் ஆலன் 1969இல் காப்புரிமை பெற்ற வகை அது. தொடக்க கால மாதிரிகளில் எஃகு வடங்கள்தான். பத்தாண்டுகளாக இழுவையிலேயே தொங்கிய வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் நம்ப முடியாது. பொருத்தமான உதிரிப்பாகமும் எளிதில் கிடைக்காது. என்னைக் கேட்டால், சுவரிலேயே இருக்கட்டும்.

உருளைகள் இல்லாமல், நுனிகள் எதிர்ப்பக்கம் வளைந்த ரிகர்வ் வில் என்றால் நம்பிக்கை உண்டு. ஃப்ரெட் பியரின் நிறுவனம் மிச்சிகனின் கிரேலிங்கில் செய்த வில்கள் இன்றும் வேட்டைக்குப் போகின்றன. அந்த நிறுவனம் 1978இல் ஃப்ளோரிடாவுக்கு இடம்பெயர்ந்தது. ஆகவே, வில்லில் கிரேலிங் பெயர் இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். சேகரிப்பாளர்கள் தேடும் மாதிரியா என்று விசாரிக்காமல் உப்புத்தாளைத் தொடாதீர்கள். பழைய பூச்சைச் சுரண்டினால் விலை போய்விடும். வில்லின் விசையோ அதனால் துளியும் கூடாது.

அடுத்தது சோதனை. இதற்கு ஒரு துண்டுப் பஞ்சு போதும். வில்லின் மேல்கை, கீழ்கை இரண்டிலும் முன்பக்கம், பின்பக்கம், ஓரங்கள் எல்லாம் பஞ்சை மெல்ல ஓட்டுங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே கண்ணாடியிழை சிம்பு எழுந்திருக்கிறது. நீளவாக்கில் தெரியும் மெல்லிய கோடுகள் பழைய வில்களில் சாதாரணம். பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். குறுக்கே ஓடும் விரிசல் வேறு. மரத்துக்கும் கண்ணாடியிழைக்கும் நடுவே ஒட்டு விட்டிருந்தாலும் அப்படித்தான். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடலாம். பசை வைத்து ஒட்டித் தருகிறேன் என்பவர் கிடைப்பார். அந்த வில்லை முகத்துக்கு அருகே வைத்து இழுக்கப்போவது அவரல்ல.

தேறினால் பழைய நாணை எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள். டேக்ரான் நாணே கேளுங்கள். இன்றைய நீளாத வகை நாண்கள் வேகம் தரும். ஆனால் பழைய வில்லின் நுனிகள் அவை தரும் அதிர்வுக்காக வலுவூட்டப்பட்டவை அல்ல. வில்லில் குறித்த நீளத்தைவிட நாண் 4 அங்குலம் குறைவாக இருக்கவேண்டும். காலுக்கிடையில் கொடுத்து வளைத்து நாணேற்றும் பழக்கம்தான் பல வில்களின் கைகளை முறுக்கியது. அதற்கென்றே விற்கும் நாணேற்றுக் கயிற்றைப் பயன்படுத்துங்கள். ஏற்றியபின் நுனியிலிருந்து பாருங்கள். நாண் இரு கைகளின் நடுவிலும் ஓடவேண்டும். லேசாக ஒருபக்கம் சாய்ந்திருந்தால் வெந்நீரின் சூடு காட்டி எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தால் பலவேளை நேராகும். ஓரிரவு நாணேற்றியபடியே விட்டு, காலையில் பஞ்சுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பிறகு இழுவிசை. வில்லில் 45 என்று எழுதியிருந்தால் அது 28 அங்குல இழுப்புக்கான பவுண்டு. உங்கள் இழுப்பு குறைந்தால், அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 முதல் 3 பவுண்டு குறையும். எனவே தராசு மாட்டி உங்கள் இழுப்பில் அளந்துகொள்ளுங்கள். சட்டம் பார்ப்பது அந்த எண்ணைத்தான். கொலராடோவில் குறைந்தது 35 பவுண்டு வேண்டும். அலாஸ்காவில் மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாட 50. அதே நேரம், காம்பவுண்ட் வில்லில் பழகிய தோள் ஏமாந்துபோகும். அதில் முழு இழுப்பில் பாரம் பெருமளவு தளர்ந்துவிடும். ரிகர்வில் முழுப் பாரமும் விரல்களில்தான்.

பெட்டியில் கிடைத்த பழைய மர அம்புகளை எய்யவே வேண்டாம். அலுமினிய அம்பைத் தட்டையான மேசையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். எஃகு முனைகள் மட்டும் துருவைத் தேய்த்துத் தீட்டினால் மறுபடி வேலைக்காகும், அலகு மெலிந்திருக்காவிட்டால்.

கடைசியாகப் பார்க்கவேண்டியது எய்பவரை. தினமும் காலை, உடல் சூடாகும் முன் விடும் முதல் அம்பை மட்டும் கணக்கில் வையுங்கள். மானும் முதல் அம்புக்குத்தான் நிற்கும். அது தொடர்ந்து ஒரு காகிதத் தட்டின் அளவுக்குள் விழும் தூரமே உங்கள் வேட்டைத் தூரம். 15 கஜம் என்றால் 15 கஜம்தான். அந்தத் தூரத்திலும் தவறினால் இந்தப் பருவத்துக்கு வேறு வில்லை எடுத்துக்கொண்டு, பழையதை இலக்குப் பலகையில் பழகுங்கள்.