யார் வைத்த பேரு? – போர் விமானங்களின் பட்டப்பெயர்கள்

பெங்களூரில் ஒரு சாலைச் சந்திப்பில் மேடை மேல் நிற்கும் பழைய போர் விமானத்தின் பெயரைச் சொன்னதும் பேரன் சிரித்துவிட்டான். "தாத்தா, சண்டை போடுற பிளேனுக்குப் போய் யாராவது கொசுன்னு பேர் வைப்பாங்களா?" கேள்வி நியாயமானதுதான். 'நாட்' என்றால் கண்ணைச் சுற்றி மொய்க்கும் பொடிக்கொசு. அன்று அவனுக்குச் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

நம் ஊரில் ஒரு ஆளுக்கு வீடு வைத்த பேர் ஒன்று, தெரு வைத்த பேர் ஒன்று, பகையாளி வைத்த பேர் ஒன்று என்று இருக்கும். விமானங்களுக்கும் அப்படியே. ஆனால் "எதிரியே பயந்துபோய் வைத்த பேர்" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று விசாரிக்க வேண்டும்.

முதலில் ஜப்பானியக் கடற்படையின் 'ஜீரோ'. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பைத் தாக்க வந்த குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்தவை இவைதாம். பெயரில் மிரட்டல் ஒன்றும் கிடையாது, வெறும் ஆண்டுக்கணக்கு. தங்கள் முதல் பேரரசர் அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் காலத்திலிருந்து ஜப்பானியர் எண்ணிய கணக்கில் 1940 என்பது 2600. கடைசியில் சுழி, ஆகவே 'சுழி வகைப் போர் விமானம்'.

இந்த முறையில் ஒரு சங்கடம். அதே ஆண்டைச் சேர்ந்த கடல் விமானங்களும் 'சுழி வகை'தான். 2597-ஆம் ஆண்டுக் கணக்கில் வந்தவற்றைப் பாருங்கள்: தரைப்படையின் போர் விமானம், அதன் குண்டுவீச்சு விமானம், கடற்படையின் டார்பிடோ விமானம், பெரிய படகு விமானம் – நாலுமே '97'. "97 வருது!" என்று வானொலியில் ஒருவன் கத்தினால் கேட்பவன் எதற்கென்று தயாராவான்? உயிர் போகிற குழப்பம் இது.

இதைத் தீர்க்கத்தான் 1942-இல் ஆஸ்திரேலியாவில் பணியிலிருந்த அமெரிக்க உளவு அதிகாரி ஃபிராங்க் மெக்காய் ஒரு வழி கண்டார். போர் விமானத்துக்கு ஆண் பெயர், குண்டுவீச்சு விமானத்துக்குப் பெண் பெயர். மனிதர் டென்னசிக்காரர், ஜீக், நேட், ரூஃப் என்று தம் நாட்டுப்புறப் பெயர்களாகவே எடுத்துவிட்டார். நம்மவர் யாராவது முனியாண்டி, மாடசாமி என்று வைத்த மாதிரி. ஜீரோ 'ஜீக்' ஆயிற்று. இறக்கை முனை சதுரமாக வெட்டப்பட்ட அதன் இன்னொரு வகைக்கு 'ஹாப்' என்று பெயர் போனது. அதுவோ அமெரிக்க விமானப்படைத் தளபதி ஆர்னால்டின் செல்லப்பெயர்! அவருக்குப் பிடிக்கவில்லை என்றதும் 'ஹாம்ப்' என்று மாற்றினார்கள். ஆபீசில் மேனேஜர் பேரை நாய்க்கு வைத்த கதைதான்.

அடுத்தது பிரிட்டிஷாரின் 'போஃபைட்டர்'. இந்தியத் தளங்களிலிருந்து கிளம்பி பர்மாவில் தாழப் பறந்து தாக்கியது. எஞ்சின் சத்தம் குறைவு. தலைக்கு மேல் வரும்வரை தெரியாது. 'கிசுகிசுக்கும் மரணம்' என்று ஜப்பானியர் அலறிப் பெயரிட்டார்கள் என்பார்கள். பிரிட்டிஷ் விமானப்படையினர் வேடிக்கையாகக் கட்டிவிட்டதைப் பத்திரிகைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்றும் ஒரு கூற்று உண்டு. எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. அடி வாங்கினவன் இத்தனை அழகாகவா பேர் வைப்பான்?

இனி நம்ம நாட். விமானங்கள் கனத்துக்கொண்டும் விலை ஏறிக்கொண்டும் போவது பிடிக்காத பெட்டர் என்ற ஆங்கில வடிவமைப்பாளர் உருவாக்கியது. இதன் முன்னோடி 'மிட்ஜ்'. அதுவும் ஒரு பொடிப்பூச்சிதான். இறக்கை விரிவு 22 அடி. பாகிஸ்தானிடம் இருந்த அமெரிக்க சேபருக்கோ 37 அடி. பெங்களூர் எச்.ஏ.எல்.லில் உரிமம் பெற்றுக் கட்டினோம். 1965 போருக்குப் பிறகு 'சேபர் ஸ்லேயர்', அதாவது சேபர்கொல்லி என்று பேராகிவிட்டது. பூச்சிக்கொல்லி தெரியும், இங்கே பூச்சியே கொல்லி!

இது நாம் வைத்த பேர் என்பதை மறக்கக் கூடாது. 1965 செப்டம்பர் 3-இல் டிரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாக நம் தரப்பு அறிவித்தது. அது அடிபட்டாலும் தளம் திரும்பிவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பு. அதே நாளில் நம் நாட் ஒன்று பாகிஸ்தானின் பஸ்ரூரில் தரையிறங்கிச் சிறைப்பட்டது. பின்னர் கராச்சி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. சண்டை நடுவில் பீரங்கி சிக்கிக்கொள்ளும் தொல்லையும் நாட்டுக்கு இருந்தது. விசையை அழுத்தி, குண்டு பாயாமல், எதிரியின் பின்னால் உட்கார்ந்திருந்த விமானிக்குப் பட்டப்பெயர் எந்த விதத்தில் உதவியிருக்கும்? அந்தக் குறையோடுதான் அவர்கள் பறந்தார்கள். 1971 நவம்பர் 22-இல் பொய்ரா வானில் நிலைமை வேறு. சேபர் விமானிகள் இருவர் பாராசூட்டில் குதித்து நம்மிடம் பிடிபட்டார்கள். அன்றைக்குப் பேர் பொருந்தியது.

பிறகு எச்.ஏ.எல். இதன் குறைகளைச் சீர்செய்து புது வடிவம் கொடுத்தது. அதற்கு வைத்த பேர் 'அஜீத்', வெல்ல முடியாதவன். 1991 வரை சேவையில் இருந்தது. பேரனுக்கு இந்தப் பேர்தான் ரொம்பப் பிடித்தது. நடிகர் பேராச்சே!