நழுவப் பிறந்த படகு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மே மாத நடுவில் வால்ஐ மீன்பிடிப் பருவம் தொடங்கும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, மினியாபொலிஸிலிருந்து வடக்கே ஏரிகளை நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் பல கார்களின் பின்னால் ஒரு படகு வரும். தண்ணீரில் மணிக்கு 60, 70 கி.மீ. ஓடினாலே வேகம் என்று சொல்லப்படும் மீன்பிடிப் படகுகள், இங்கே 100 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். சாதாரணப் படகு ஒன்று தன் ஆயுளில் மிக விரைவாகப் பயணிப்பது தண்ணீரில் அல்ல, தார்ச்சாலையில்தான்.

அந்தப் பயணத்துக்குச் சற்றும் பொருந்தாத உடல் படகுக்கு. அதன் அடிப்பாகம் நீரைக் கிழித்து நழுவுவதற்காகச் செய்யப்பட்டது: வழவழப்பான பரப்பு, ஆப்பு வடிவ முன்முனை, தட்டையாக எங்கும் உட்கார முடியாத வளைந்த வயிறு. அதைச் சுமக்கும் டிரெய்லரும் நழுவலுக்குத் துணைபோகிறது. கரையில் படகு எளிதாக இறங்கி ஏற வேண்டும் என்பதற்காக அதில் ரப்பர் உருளைகளோ, கம்பளம் போர்த்திய நீண்ட மரக்கட்டைகளோ பொருத்தியிருப்பார்கள். நழுவுவதற்காகச் செய்த பொருளை, நழுவவிடுவதற்காகச் செய்த வண்டியில் ஏற்றி, நழுவாமல் கொண்டுபோக வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பவை இரண்டு மூன்று பட்டைகளும் ஒரு சங்கிலியும்தான்.

1,500 கிலோ எடையுள்ள படகு தன் கனத்தாலேயே அசையாமல் கிடக்காதா? சாலை நேராகவும் வேகம் மாறாமலும் இருக்கும்வரை கிடக்கும். பிரேக் போட்டவுடன் கணக்கு மாறுகிறது. கார் நிற்கப் பார்க்கிறது, கொக்கியில் மாட்டிய டிரெய்லரும் நிற்கப் பார்க்கிறது. படகோ நிலைமத்தின் காரணமாக அதே வேகத்தில் முன்னே போகப் பார்க்கிறது. அமெரிக்காவின் வணிக வாகனச் சரக்குகளுக்கான விதி, முன்பக்கமாக 0.8 ஜி விசையைக் கட்டுகள் தாங்க வேண்டும் என்கிறது. சரக்கின் எடையில் 80 விழுக்காடு என்று பொருள். பின்பக்கத்துக்கும் இருபக்கங்களுக்கும் 0.5 ஜி. சொந்தப் படகை இழுத்துச் செல்பவரை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால் இயற்பியலுக்கு வணிகம், சொந்தம் என்ற பேதம் கிடையாது.

நம் படகுக்கு 0.8 ஜி என்றால் 1,200 கிலோ எடைக்குச் சமமான விசை. அதை எதிர்க்க என்ன இருக்கிறது? கம்பளத்துக்கும் படகுக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொள்வோம். படகின் எடையால் கிடைக்கும் உராய்வு 450 கிலோ. பின்பக்கத்தில் இரண்டு பட்டைகளைப் போட்டு, ஒவ்வொன்றையும் 250 கிலோ விசையில் நேர்கீழாக இறுக்கினால், படகு 500 கிலோ கூடுதலாக அழுந்தும்; அதனால் கிடைக்கும் உராய்வோ 150 கிலோதான். மொத்தம் 600. தேவையில் பாதி இன்னும் பாக்கி.

கட்டும் கலையின் முதல் பாடம் இந்தக் கணக்கில் இருக்கிறது. எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைவிட எந்தத் திசையில் கட்டுகிறோம் என்பது முக்கியம். கீழ்நோக்கி இழுக்கும் பட்டை உராய்வின் வழியாக, சுற்றிவளைத்து உதவுகிறது. படகு போக நினைக்கும் திசைக்கு எதிராகச் சாய்ந்திருக்கும் பட்டை நேரடியாக மல்லுக்கு நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு கட்டையும், 'இது எந்த நகர்வைத் தடுக்கிறது?' என்று கேட்டுத்தான் போட வேண்டும்.

முன்பக்க நகர்வைத் தடுக்க டிரெய்லரின் முன்னால் ஒரு கம்பம் நிற்கிறது. அதில் 'வி' வடிவ ரப்பர் தாங்கி ஒன்று இருக்கும். அணியம், அதாவது படகின் முன்முனை, அதில் போய் முட்டி அமர வேண்டும். ஆனால் அணியம் மேல்நோக்கிச் சரிந்த ஆப்பு. பலமாக முட்டும்போது தாங்கியின் மேல் ஏறிக் கடக்கப் பார்க்கும். எனவே அணியத்தில் உள்ள இரும்பு வளையத்திலிருந்து டிரெய்லரின் சட்டத்துக்கு ஒரு சங்கிலி கீழே இறங்க வேண்டும். அதே வளையத்திலிருந்து பின்னோக்கிச் சாய்வாக இன்னொரு பட்டையும் போட்டுவிட்டால், பாக்கியிருந்த பாதிக் கணக்கும் தீரும்.

அணியத்தைக் கம்பத்தோடு சேர்த்து இழுத்து வைத்திருக்கும் வின்ச் பட்டையே போதும் என்று நம்புகிறவர்கள் உண்டு. வின்ச் இழுப்பதற்கான கருவி. பயணம் முழுக்கப் பிடித்துவைப்பதற்கானது அல்ல. அதன் பற்சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் தடுப்பது விரலளவு இரும்புத் துண்டு ஒன்று. குலுக்கலில் அது விலகினால் பட்டை முழுவதும் உருவிக்கொண்டு போகும். சங்கிலி வின்ச்சோடு சேராமல் தனியாக இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்: ஒன்று கைவிட்டாலும் மற்றொன்று மிஞ்ச வேண்டும்.

பின்பக்கமாக நழுவினால் படகு சாலையில் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். விழாமல், கொஞ்சம் மட்டும் நழுவினால்? அதுவும் ஆபத்துதான். மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்த்தே ஏற்றுவார்கள். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். டிரெய்லருக்கும் அதே நியாயம். அதன் மூக்கு காரின் கொக்கிமேல் ஓரளவு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மொத்த எடையில் 10 விழுக்காட்டை ஒட்டிய முன்பாரம் பொதுவான அளவுகோல்.

படகும் டிரெய்லரும் சேர்ந்து 2,000 கிலோ. கொக்கியிலிருந்து அச்சு 4.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. மொத்த ஈர்ப்பு மையம் அச்சுக்கு முன்னால் 45 செ.மீ. தொலைவில் இருக்கிறது என்போம். அப்போது முன்பாரம் 200 கிலோ. இப்போது 1,500 கிலோ படகு ஒரு முழம், அதாவது 45 செ.மீ., பின்னால் நழுவுகிறது. முன்பாரம் 50 கிலோவாகச் சுருங்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் படகு பத்திரமாக டிரெய்லரில் இருப்பதாகவே தோன்றும். ஓட்டுநருக்குத்தான் வித்தியாசம் தெரியவரும்.

கொக்கியை மையமாகக் கொண்டு டிரெய்லர் இடமும் வலமும் அசையக்கூடியது. காற்று தள்ளினாலோ பக்கத்தில் லாரி கடந்தாலோ சிறு அசைவு தோன்றும்; டயர்கள் பக்கவாட்டில் கொடுக்கும் எதிர்ப்பு அதை அடக்கிவிடும். முன்பாரம் குறையக் குறைய இந்த அடக்கும் திறன் குறைகிறது. வேகம் கூடக் கூடவும் குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அது பூச்சியமாகும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் டிரெய்லர் காரையே திருப்பிப் போடும். 150 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு மோட்டார் 200 கிலோவுக்குமேல் இருக்கும். அந்தக் கனமும் படகின் கடைக்கோடியில் தொங்குவதால் ஆட்டத்தை அடக்குவது மேலும் கடினமாகிறது.

மூன்றாவது திசை மேல்கீழ். தண்ணீரில் மிதக்கும்போது படகின் எடையை நீர் அடிப்பரப்பு முழுவதும் பரவித் தாங்குகிறது. டிரெய்லரில் அதே எடை இரண்டு கட்டைகளின் மேலோ சில உருளைகளின் மேலோ குவிகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும் கணத்தில் படகு ஏறத்தாழ எடையற்றதாகிறது. எடை போனால் உராய்வும் போய்விடும். நழுவலைத் தடுக்க உராய்வு மிகவும் தேவைப்படும் கணத்தில்தான் அது காணாமல் போகிறது. அடுத்த கணம் படகு திரும்ப விழுந்து கட்டையில் மோதும். பின்பக்கப் பட்டைகள் முன்கூட்டியே இறுக்கி வைத்திருக்கும் இழுவிசை எடையைப்போல மறைவதில்லை. பள்ளத்திலும் படகை அழுத்திப் பிடித்து, படகையும் டிரெய்லரையும் ஒரே உடலாக ஆட வைக்கிறது. இரண்டு பட்டைகளையும் பெருக்கல் குறிபோலக் குறுக்காகப் போட்டால் பக்கவாட்டு நகர்வுக்கும் தடை கிடைக்கும்.

அந்த இழுவிசையை உண்டாக்கும் ராட்செட் ஓர் அழகான கருவி. கைப்பிடியை முன்னும் பின்னும் அசைக்க, பிளவுபட்ட ஓர் அச்சு பல் பல்லாகச் சுழன்று பட்டையைத் தன்மேல் சுற்றிக்கொள்கிறது. பட்டையின் நுனியில் முடிச்சு எதுவும் இல்லை. பிளவுக்குள் சும்மா நுழைந்திருக்கிறது. இருந்தும் நூற்றுக்கணக்கான கிலோ இழுத்தாலும் உருவாதது எப்படி? சுற்றிய பட்டையின் உராய்வு, சுற்றுக்குச் சுற்று கூடுவதில்லை, பெருகுகிறது. லியோனார்ட் ஆய்லரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் சமன்பாடு ஒன்று இதை விளக்குகிறது. உராய்வுக் குணகம் 0.3 என்றால், ஒரு முழுச்சுற்றுக்கு ஒரு முனையில் உள்ள சிறு பிடிவிசை மறுமுனையில் 6.6 மடங்கைத் தாங்கும். இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. மூன்று சுற்றுக்கு 286 மடங்கு. துறைமுகத்தில் பெருங்கப்பலின் வடத்தை இரும்புக் குற்றியில் சில சுற்றுப் போட்டு ஒரே ஆள் பிடித்து நிற்பதும் இதே விதியால்தான். எனவே ராட்செட் அச்சில் இரண்டு மூன்று சுற்றாவது இருக்க வேண்டும். அளவுக்குமேல் சுற்றினால் பட்டை தடித்து, அவிழ்க்க முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

பட்டையின் இழையும் கவனிக்க வேண்டியது. நைலான் இழுத்தால் நீளும், ஈரத்தை உறிஞ்சினால் மேலும் தளரும், வலுவிலும் சற்றுக் குறையும். அதிர்வைத் தாங்க வேண்டிய கயிறுகளுக்கு அந்த நெகிழ்வு நல்ல குணம். படகு அசையாமல் இருக்க வேண்டிய இடத்தில் கெட்ட குணம். 1941-இல் பிரிட்டனில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சனும் உருவாக்கிய பாலியெஸ்டர் இழை குறைவாகவே நீளும், நீரையும் ஏறத்தாழ உறிஞ்சாது. கட்டுப் பட்டைகள் பெரும்பாலும் பாலியெஸ்டரில் நெய்யப்படுவது இதனால்தான். பட்டையில் தைத்திருக்கும் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: அறுபடும் எடை, பாதுகாப்பாகச் சுமத்தக்கூடிய எடை. இரண்டாவது பெரும்பாலும் முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு. வாங்கும்போது பார்க்க வேண்டியது சிறிய எண்ணைத்தான். வெயிலில் வெளுத்து, ஓரம் பிசிறிய பட்டைக்கு அந்தச் சீட்டு பொருந்தாது.

வேகம் கூடும்போது சில படகுகளிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் எழும். படகின் மேலாகக் குறுக்கே போட்ட பட்டை காற்றில் அதிர்வதால் வரும் ஒலி அது. தட்டையான மெல்லிய பரப்பு காற்றில் லேசாகத் திரும்பினால் காற்றழுத்தம் மாறும். மாறிய அழுத்தம் அதை மேலும் திருப்பும். இப்படிக் காற்றின் ஆற்றல் அதிர்வுக்குள் ஏறிக்கொண்டே போகும். 1940 நவம்பர் 7 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நேரோஸ் தொங்குபாலம் மணிக்கு ஏறத்தாழ 64 கி.மீ. காற்றில் முறுக்கி முறுக்கி ஆடி விழுந்ததும் இந்த வகை ஆட்டத்தால்தான். படகுப் பட்டையில் விளைவு அவ்வளவு பெரிதல்ல: உரசல், தேய்மானம், மெல்லத் தளரும் பிடி. தீர்வும் சிறிது. காற்றுப்படும் பகுதியில் பட்டைக்கு ஒரு முறுக்குக் கொடுத்துவிட்டால், நீளம் நெடுக அதன் சாய்வு மாறும். முழுப் பட்டையும் ஒரே தாளத்தில் ஆட முடியாது. இரைச்சல் அடங்கும்.

கட்ட முடியாத பாரம் ஒன்றும் உண்டு. அது படகுக்குள் தேங்கிய தண்ணீர். 100 லிட்டர் நீர் 100 கிலோ. ஏற்றத்தில் அது மொத்தமாகப் பின்பக்கம் ஓடி முன்பாரத்தைக் குறைக்கும். அடைப்பானைக் கழற்றி நீரை வெளியேற்றிவிட்டே சாலையில் போக வேண்டும் என்று மின்னசோட்டாவில் சட்டமே இருக்கிறது. ஆனால் சட்டத்தின் அக்கறை எடையல்ல, உயிர். 1988-இல் வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்ட வரிக்குதிரைச் சிப்பி என்னும் அயல் உயிரி ஏரிக்கு ஏரி பரவுகிறது. அதன் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் இப்படித் தேங்கிய நீரிலும் பயணம் செய்யும்.

எல்லாம் கட்டி முடித்த பிறகும் முதல் சில கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது வழக்கம். குலுக்கலில் படகு கட்டைமேல் சரியாக அமர்கிறது, கம்பளம் அமுங்குகிறது, இழையும் கொஞ்சம் தளர்கிறது. அதிகம் நீளாத பாலியெஸ்டர் பட்டையில் சில மில்லிமீட்டர் தளர்ச்சிகூடப் பெரும் இழுவிசையைத் தின்றுவிடும்.

ஏரிக்கரையை அடைந்ததும் கட்டுகளின் வேலை தலைகீழாகிறது. இறங்குதளங்களின் சரிவு பொதுவாக 12 முதல் 15 விழுக்காடு. உராய்வுக் குணகம் சரிவின் விகிதத்தைவிடக் குறைவாக இருந்தால் பொருள் தானாக வழுக்கும் என்பது பள்ளிப் பாடம். 15 விழுக்காட்டுச் சரிவில் அந்த எல்லை 0.15. ரப்பர் உருளைகள் அதற்குக் கீழேயே இருக்கும். மேலே சமதளத்திலேயே எல்லாக் கட்டையும் அவிழ்த்துவிட்டு டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்தும் அவசரக்காரரின் படகு, நீரைத் தொடுமுன்பே கான்கிரீட்டில் விழுவதற்கு இதுவே காரணம். அவிழ்ப்பதற்கும் ஒரு வரிசை உண்டு: பின்பக்கப் பட்டைகளைச் சமதளத்தில் கழற்றலாம், அணியத்துச் சங்கிலியையும் வின்ச் கொக்கியையும் படகின் எடையை நீர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொட வேண்டும்.