சல்பைட் மூட்டையும் தை மாதக் கல்யாணமும்

மளிகை வியாபாரிகள் படிக்கும் நம் இதழில் போட்டோ கழுவும் மருந்துகளைப் பற்றி என்ன கட்டுரை என்று சிலர் நினைக்கலாம். எங்கள் கடையே மளிகைக் கடைதான். கெலமங்கலத்தில் என் தகப்பனார் காலத்திலிருந்து மளிகையும் நாட்டு மருந்துச் சரக்கும் மொத்தமாக விற்று வந்தோம். சலவைச் சோடா, வெங்காரம், படிகாரம் மூன்றும் எப்போதும் மூட்டை மூட்டையாக இருக்கும். இந்த மூன்றையும் தேடி ஸ்டூடியோக்காரர்கள் வந்ததால்தான் இந்தத் தொழில் எங்களிடம் ஒட்டிக்கொண்டது.

சலவைச் சோடா டெவலப்பருக்கு. வெங்காரம் பிலிம் கழுவும் மென்மையான டெவலப்பருக்கு. படிகாரம் பிலிமின் மேல்பூச்சு வெயில் காலத்தில் கரைந்து வழியாமல் கெட்டிப்படுத்த. மீதி வேண்டியது மெட்டால், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்பைட், பொட்டாசியம் புரோமைட், ஹைப்போ. "மூன்று சரக்கு இங்கே, ஐந்து சரக்கு பெங்களூரிலா? எல்லாவற்றையும் நீங்களே வரவழையுங்கள் அண்ணா" என்று ராயக்கோட்டை ஸ்டூடியோக்காரர் ஒருவர் சொன்னார். 1983இல் ஆரம்பித்தேன். அப்போது ஓசூர் சிப்காட் வளர்ந்துகொண்டிருந்த நேரம். வேலைக்கு மனுப் போட பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டும். தளி, அஞ்செட்டி, உத்தனப்பள்ளி என்று எல்லா ஊரிலும் ஒரு ஸ்டூடியோ முளைத்தது. நாங்கள் அன்று தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான்.

சரக்கு வந்தது பெங்களூரிலிருந்து. சென்னை ஒரு இரவுப் பயணம், பெங்களூர் ஒரு காலைப் பயணம். அன்று சி படிவம் கொடுத்தால் மத்திய விற்பனை வரி 4 சதவிகிதமாக இருந்தது. ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் பில்லைக் காட்டிவிட்டு வந்துவிட முடிந்தது. ஆனால் எல்லைப்புற வியாபாரிக்கு ஒரு தொல்லை உண்டு. இரண்டு மாநிலத்துக்கும் மனஸ்தாபம் வந்தால் முதலில் நிற்பது அவன் லாரி. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் வெடித்தது. 2000இல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டபோதும், 2016 செப்டம்பரில் பேருந்துகள் கொளுத்தப்பட்டபோதும் இதே கதைதான். நான் சொல்ல வந்தது 1991ஐப் பற்றி.

அந்த டிசம்பரில் எனக்குச் சரக்கு வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஹைப்போ இருந்தது, மெட்டால் இருந்தது, சல்பைட் ஒரு கிலோகூட இல்லை. தை பிறந்தால் கல்யாணங்கள். கலர் வந்துவிட்ட காலம்தான். ஆனால் கலர் ரோலைக் கழுவ வெளியூர் லேபுக்கு அனுப்ப வேண்டும். வசதி குறைந்த வீடுகளில் இன்னும் கருப்பு வெள்ளைதான் எடுத்தார்கள்.

சல்பைட் இல்லாமல் டெவலப்பர் இல்லை. கோடாக் நிறுவனம் வெளியிட்ட டி-76 என்ற சூத்திரத்தில் ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம். சல்பைட் மட்டும் 100 கிராம். மருந்து காற்றுப் பட்டுக் கெடாமல் காப்பது அதுதான். நம் கணக்கில் சொன்னால் மெட்டால் மசாலா, சல்பைட் அரிசி.

வேறு ஒரு ஊரில் புதிய ரசாயன வியாபாரி ஒருவர் 50 கிலோ மூட்டை உடனே தருவதாகச் சொன்னார். விலையும் குறைவு. வாங்கினேன். வெள்ளை வெளேரென்று தூள். மூட்டையின் மேல் ஸ்டென்சிலில் சல்பைட் என்றுதான் போட்டிருந்தது. பிரித்து அரைக் கிலோப் பொட்டலங்களாகக் கட்டி எட்டு ஸ்டூடியோக்களுக்கு அனுப்பினேன். சோதிக்கவில்லை. சோதிக்கத் தெரியவும் தெரியாது.

தை மாதம் இரண்டாம் வாரம், தேன்கனிக்கோட்டை சாலையில் இருக்கும் ஸ்டூடியோக்காரர் ஈர நெகட்டிவைக் கையில் பிடித்தபடியே கடைக்கு வந்தார். "பாருங்கண்ணா" என்று வெளிச்சத்தில் காட்டினார். பழுப்புக் கறை படிந்து, உருவம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெலிந்த நெகட்டிவ். கரைத்த ஒரு மணி நேரத்தில் மருந்து டீ டிக்காஷன் நிறத்துக்கு மாறிவிட்டதாம். இரண்டு ரோல். உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்துக் கல்யாணம். தாலி கட்டுவது அந்த ரோலில்தான்.

மூட்டையில் இருந்தது பெரும்பாலும் சோடியம் சல்பேட். சாயப்பட்டறைக்குப் போகிற மலிவான உப்பு. சல்பைட், சல்பேட், சல்பைடு மூன்றும் பெயரில் ஓரெழுத்து வித்தியாசம்தான், சரக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சல்பைடு என்றால் அழுகின முட்டை நாற்றமே காட்டிக்கொடுக்கும். சல்பேட் அப்படியில்லை, கண்ணுக்கும் மூக்குக்கும் ஒன்றும் தெரியாது. விற்றவர் தெரிந்து செய்தாரா, அவரையும் யாராவது ஏமாற்றினார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பணத்தைப் பாதிதான் திருப்பினார்.

மற்ற ஏழு பேருக்கும் அன்றே பையன்களைச் சைக்கிளில் அனுப்பிப் பொட்டலங்களைத் திரும்ப வாங்கினேன். இருவர் ஏற்கெனவே கரைத்திருந்தார்கள். நல்ல வேளையாகப் பிலிமைப் போடவில்லை. பிறகு நானும் ஸ்டூடியோக்காரரும் அந்தக் கல்யாண வீட்டுக்குப் போனோம். பெண்ணின் தகப்பனார் சண்டை போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எங்கப்பா பக்கத்துல நின்னு ஆசீர்வாதம் பண்ணாரே, அது வருமா சாமி?" என்று மட்டும் கேட்டார். பெரியவரை அதற்கு முன் யாரும் படம் எடுத்ததில்லையாம்.

ஸ்டூடியோக்காரர் கெட்டிக்காரர். மெலிந்த நெகட்டிவைப் பொட்டாசியம் டைக்ரோமேட்டும் உப்பு அமிலமும் சேர்ந்த கரைசலில் வெளுக்க வைத்து, கழுவி, நல்ல டெவலப்பரில் மறுபடி கறுக்க வைத்தால் கொஞ்சம் கனம் ஏறும். அதற்கும் நல்ல சல்பைட் வேண்டும். பெங்களூர் பாதை திறந்து முதல் மூட்டை வந்த அன்று இரவே செய்தார். இருபத்து நான்கு படத்தில் ஐந்து தேறின. பெரியவர் இருந்த படத்தில் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது. அதைப் பெரிது பண்ணிச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். தாலி கட்டுவது வரவில்லை. அந்த வருடமே பெரியவர் காலமானார். இப்போதும் அந்த வீட்டுக் கூடத்தில் அந்த அரை முகம்தான் மாட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நான் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் சோதனை கற்றேன். பள்ளி விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கிராம் சல்பைட்டைக் கரைத்து, மருந்துக் கடையில் விற்கும் டிங்சர் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நல்ல சல்பைட் பழுப்பு நிறத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். சல்பேட்டில் முதல் சொட்டே அப்படியே நிற்கும். நல்லது என்று தெரிந்த மூட்டையில் கொஞ்சம் எடுத்துச் சின்னக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி அடைத்து வைத்துக்கொண்டு, அது எத்தனை சொட்டு விழுங்குகிறது, புது மூட்டை எத்தனை விழுங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும். கலப்படம் மட்டுமல்ல, பழைய சரக்கும் இதில் அகப்படும். வாய் திறந்து கிடந்த சல்பைட் காற்றுப் பட்டுத் தானாகவே சல்பேட்டாக மாறும். ஒன்று கவனிக்க வேண்டும்: சலவைச் சோடா கலந்திருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அதற்குத் தனியாக ஒரு சிட்டிகையில் வினிகர் விட்டுப் பார்க்கலாம். பொங்கினால் சோடா இருக்கிறது.

எல்லாப் புகாரும் சரக்கின் குற்றம் என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஊர் மேட்டுப் பூமி. மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் பல்லைக் கிட்டும். ஹைட்ரோகுவினோன் சுமார் 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் ஏறக்குறைய வேலையே செய்யாது. "உங்க ஹைட்ரோகுவினோன் செத்துப்போச்சு" என்று காலையில் கோபமாக வருவார்கள். "மத்தியானம் இரண்டு மணிக்கு அதே மருந்தில் போட்டுப் பாருங்கள், அப்புறம் திருப்பித் தாருங்கள்" என்பேன். திரும்பி வந்தது கிடையாது. வெந்நீர் நிரப்பிய அகலத் தட்டின் மேல் மருந்துத் தட்டை வைத்தால் போதும். இன்னொன்று எங்கள் போர் தண்ணீர். சோடா சேர்த்தவுடன் சுண்ணாம்பு பால்போலத் திரளும். காய்ச்சி ஆற வைத்து வடிகட்டிய தண்ணீரோ மழைத் தண்ணீரோதான் நல்லது.

எடைக் கணக்கில் ஏமாந்தவர்கள் அதிகம். இது மளிகைக்காரர்களுக்கும் உதவும். பளபளவென்று கட்டியாக இருக்கும் சலவைச் சோடாவில் பாதிக்கு மேல் தண்ணீர். நீரில்லாத சோடாத் தூள் 1 கிலோ செய்கிற வேலையைச் செய்யக் கட்டிச் சோடா 2 கிலோ 700 கிராம் வேண்டும். அதே கட்டிச் சோடா மூட்டை வாய் திறந்து கிடந்தால் நீரை விட்டு வெள்ளை மாவாகும். மூட்டை எடை குறைகிறது, சரக்கின் வீரியமோ ஏறுகிறது. சல்பைட்டில் கட்டி ரகம் தூளைப் போல் சரியாக இரண்டு மடங்கு போட வேண்டும். பில்லில் கட்டியா, நீரில்லாத தூளா என்று எழுதாமல் விற்பவரிடம் நான் இன்றும் வாங்குவதில்லை.

சோடாவே கிடைக்காத ஒரு சமயம் ஆப்ப சோடாவை இரும்பு வாணலியில் வறுத்துக் கொடுத்திருக்கிறேன். சூட்டில் அது சலவைச் சோடாவாக மாறும். 1 கிலோ போட்டால் 630 கிராம் மிஞ்சும். எடை அதற்கு மேல் குறையாமல் நின்றால் வறுத்தது போதும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, சோடா அரித்துவிடும். அசிட்டிக் அமிலம் இல்லாதபோது டெவலப்பரை நிறுத்தும் கரைசலுக்கு வினிகரைத் தண்ணீர் கலந்தும், லெமன் உப்பை லிட்டருக்கு 15 கிராம் கரைத்தும் கொடுத்தோம். குறை ஒன்றும் வரவில்லை. மெட்டாலுக்கும் ஹைப்போவுக்கும் மட்டும் நம் கடைச் சரக்கில் மாற்று கிடையாது.

ஹைப்போ விஷயத்தில் தவறு பெரும்பாலும் வாங்கியவர்கள் பக்கம்தான். தட்டுப்பாடு என்றால் ஒரே கரைசலை நாள் கணக்கில் ஓட்டுவார்கள். ஐந்து வருடத்தில் படம் மஞ்சளாகும். வெளிச்சம் பட்ட பிலிம் துண்டு ஒன்றைப் புது ஹைப்போவில் போட்டு அது தெளிய எத்தனை நேரம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு பங்கு நேரமானால் கொட்டிவிட வேண்டியதுதான். கொட்டுவதற்கும் அன்று விலை இருந்தது. பழைய ஹைப்போவில் வெள்ளி இருக்கிறது என்று கேன் கேனாக வாங்கிப்போக ஆட்கள் வருவார்கள்.

பிறகு தட்டுப்பாடு வேறு விதமாக வந்தது. பேப்பரும் பிலிமும் நம் ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்துகொண்டிருந்தது. 1960இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், 1967இல் உற்பத்திக்கு வந்தது, சரக்கின் பெயர் இந்து. நீலகிரிக் குளிரும் தூசியில்லாத காற்றும் பார்த்து அங்கே வைத்தார்கள். 1990களின் நடுவில் அது நலிந்த நிறுவனமாகி, 2003இல் மூடச் சொல்லிப் பரிந்துரை வந்து, 2014இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. வெளிநாட்டிலும் 2004இல் இல்போர்டு, 2005இல் அக்பாபோட்டோ, 2012 ஜனவரியில் கோடாக் என்று வரிசையாகத் திவால் மனுக்கள். இல்போர்டை அதன் மேலாளர்களே வாங்கி நடத்தியதால் பேப்பர் இன்றும் கிடைக்கிறது. என் கடையில் 2006க்குப் பிறகு ஹைப்போ ஒரு மூட்டை ஒரு வருடம் கிடந்தது. ஸ்டூடியோக்காரர்கள் கம்ப்யூட்டர் வாங்கினார்கள், சிலர் செல்போன் கடை வைத்தார்கள்.

கணக்கை முடித்துவிடலாம் என்று இருந்தபோது, சில வருடங்களாகப் பெங்களூரிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். பழைய காமிராவில் கருப்பு வெள்ளை பிலிம் போட்டு எடுத்து வீட்டிலேயே கழுவுகிறார்கள். ஒரு பெண் வந்து, "தாத்தா, சலவைச் சோடா, வைட்டமின் சி, மலிவான இன்ஸ்டன்ட் காப்பித்தூள் வேண்டும்" என்றது. காப்பியில் போட்டோ கழுவுவதா என்று சிரித்தேன். 1995இல் அமெரிக்காவில் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு பேராசிரியரும் மாணவர்களும் கண்டுபிடித்தது என்று விளக்கியது. லிட்டருக்கு நீரில்லாத சோடா 54 கிராம், வைட்டமின் சி 16 கிராம், காப்பித்தூள் 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். அடுத்த மாதம் படத்தையே கொண்டுவந்து காட்டியது. என் கடை வாசல்தான். நன்றாகவே இருந்தது. ஆனால் அதை நிலைக்க வைக்க ஹைப்போதான் வேண்டும்.

இவர்களுக்கு வேண்டியது அரைக் கிலோ, கால் கிலோ. மொத்த விற்பனையாளர் கொடுப்பது 25 கிலோ, 50 கிலோ. பெரிய ரசாயனக் கடையில் லேப் தரத்தில் அரைக் கிலோ டப்பா கிடைக்கும், விலை கட்டாது. அதனால் நானும் ஓசூரில் இரண்டு கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பங்கிடுகிறோம். வந்த அன்றே சோதித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, தேதியும் மூட்டையின் பேட்ச் எண்ணும் எழுதி ஒட்டுகிறோம். மெட்டால் பழுப்பேறினால் விற்பதில்லை. மாதிரிக் குப்பி என் மேசை டிராயரில் இருக்கிறது.

இப்போது சல்பைட் தீரும் நிலையில் இருக்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் உறுப்பினர் யாரிடமாவது சீல் பிரிக்காத மூட்டை இருந்தால், அது தூளா கட்டியா, எந்த வருடத்துச் சரக்கு என்பதைச் சங்க அலுவலகம் மூலம் தெரிவித்தால் நான் நேரில் வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன். டிங்சர் பாட்டிலையும் கையோடு கொண்டு வருவேன், தவறாக நினைக்க வேண்டாம்.