கல்கத்தா வெள்ளியில் ஒரு ஸ்காட்லாந்துக் கோப்பை

ஆண்டுதோறும் பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரு ரக்பி ஆட்டம் ஆடுகின்றன. அதில் ஜெயிக்கும் நாட்டுக்குக் கிடைப்பது 'கல்கத்தா கோப்பை'. 1879ஆம் ஆண்டு முதல் இதே பெயர்தான். ஊர் தன் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றிக்கொண்டது 2001இல். கோப்பை மாற்றிக்கொள்ளவில்லை. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டே கிரிக்கெட், கால்பந்து என்று மணிக்கணக்கில் பேசுகிற நம்மவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கோப்பையைப் பற்றித் தெரியும்? வங்காள நண்பர்களைக் கேட்டாலும் பத்துக்கு ஒன்பது பேர் கையை விரிக்கிறார்கள்.

ரக்பி என்ன ஆட்டம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பந்து உருண்டையாக இருக்காது. உரிக்காத தேங்காயைப் போல நீளவாட்டில் இருக்கும். அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், காலாலும் உதைக்கலாம். ஆனால் கூட்டாளிக்குக் கையால் கொடுப்பதென்றால் பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும், முன்னால் எறியக் கூடாது. பந்து வைத்திருப்பவனை எதிர் அணி கட்டிப்பிடித்துக் கீழே தள்ளும். நம் சடுகுடுவும் கால்பந்தும் கலந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் அதற்கு 'டிரை' என்று பெயர். ஆதியில் இதற்குப் புள்ளியே கிடையாது. கோலை நோக்கி ஒருமுறை உதைத்து முயன்று பார்க்கும் உரிமைதான் கிடைக்கும், அதனால் வந்த பெயர். இன்று டிரைக்கு 5 புள்ளி, தொடர்ந்து உதைத்துக் கம்பத்துக்கு நடுவே அனுப்பினால் இன்னும் 2. ஒரு பக்கத்துக்கு 15 பேர். அந்தக் காலத்தில் 20 பேர்.

ஸ்காட்லாந்து சின்ன நாடு. மக்கள்தொகை சுமார் 54 லட்சம். நம் கொல்கத்தா பெருநகரப் பகுதியில் மட்டும் 2011 கணக்குப்படி ஒரு கோடியே நாற்பது லட்சம் பேர். பக்கத்து வீட்டுக்காரனான இங்கிலாந்தோ ஐந்தரைக் கோடிக்கு மேல். ஆளுக்கு ஆள் பார்த்தால் பத்துக்கு ஒன்று. ஆனாலும் உலகத்தில் முதல்முதலாக இரண்டு நாடுகளுக்கிடையே நடந்த ரக்பி ஆட்டத்தில் வென்றது ஸ்காட்லாந்துதான்.

அது நடந்த விதம் ரசமானது. 1870இல் லண்டனில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என்று பெயர் சூட்டிக் கால்பந்து ஆட்டங்கள் நடத்தினார்கள். அதில் 'ஸ்காட்லாந்து' அணி என்பது பெரும்பாலும் லண்டனிலேயே குடியிருந்தவர்களைச் சேர்த்த அணி. ஊரில் இருந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ஐந்து ஸ்காட்லாந்து கிளப்புகளின் கேப்டன்கள் சேர்ந்து, எங்கள் ஊருக்கு வந்து ரக்பி விதிப்படி ஆடிப் பாருங்கள் என்று பத்திரிகையில் பகிரங்கமாகச் சவால் விட்டார்கள். இங்கிலாந்து ஏற்றுக்கொண்டது. 1871 மார்ச் 27ஆம் தேதி எடின்பரோ நகரின் ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில் சுமார் நாலாயிரம் பேர் முன்னிலையில் ஆட்டம். ஸ்காட்லாந்து ஒரு கோலும் ஒரு டிரையும் எடுத்தது. இங்கிலாந்து ஒரு டிரை. அந்த வெற்றிக்குக் காரணமான கோல் முறையாக வந்ததா என்று இங்கிலாந்துக்காரர்கள் தகராறு செய்தார்கள். நடுவராக இருந்தவர் ஆல்மண்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர். சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் அதிகமாகக் கூச்சல் போடுகிறதோ அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிடுவது உத்தமம், அவர்கள் பக்கம்தான் தப்பு இருக்கும் என்ற பொருளில் அவர் பின்னாளில் எழுதினார். பஞ்சாயத்து செய்து பழகிய எந்த ஊர்ப் பெரியவரும் இதை ஒப்புக்கொள்வார்.

இனி நம் ஊருக்கு வருவோம். அந்த ஆட்டம் நடந்து இருபத்தொரு மாதம்தான் ஆகியிருந்தது. 1872 கிறிஸ்துமஸ் தினத்தன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் ஒரு ரக்பி ஆட்டம் நடத்தினார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் இருபது பேர். மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள் சேர்ந்து இருபது பேர். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஆடினார்கள். உற்சாகம் அடங்கவில்லை. 1873 ஜனவரியில் 'கல்கத்தா ஃபுட்பால் கிளப்' பிறந்தது. சேர்ந்தவர்கள் 137 பேர். 1874இல் லண்டனிலுள்ள ரக்பி யூனியனில் அங்கத்துவமும் பெற்றுவிட்டார்கள்.

அன்றைய கல்கத்தாவில் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கா பஞ்சம்? ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைகளை நடத்தியவர்களில் பெரும்பாலோர் டண்டீ நகரத்தைச் சுற்றிய ஊர்க்காரர்கள். டல்ஹௌசி சதுக்கத்துக்குப் பக்கத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், வடக்கே ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி, கரயா ரோட்டில் அவர்களுக்கென்றே ஓர் இடுகாடு எல்லாம் அவர்கள் விட்டுப் போனவை. நம் தாத்தாக்கள் ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் வந்து சேர்ந்த துரைமார் கம்பெனிகள் பலவற்றை ஆரம்பித்தவர்களும் அவர்களே. ஆண்ட்ரூ யூல் ஓர் உதாரணம். பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்து, ஊர்க்காரர்களோடு கூடி, ஊர் ஆட்டத்தை ஆடி, ஊர்ச் சாப்பாட்டை நினைத்து ஏங்கியவர்கள். ஆட்சியாளர் வர்க்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏக்கம் நமக்குப் புரியாததல்ல.

கிளப் ஐந்து வருஷம்தான் ஓடியது. வங்காளத்து வெயிலில் ஆளை ஆள் கட்டிப் புரளும் ஆட்டம் எத்தனை நாள் தாங்கும்? டென்னிஸும் போலோவும் இந்தச் சீதோஷ்ணத்துக்கு இன்னும் பொருத்தமாக இருந்தன. 'பஃப்ஸ்' என்று பெயர் பெற்ற ராணுவ ரெஜிமென்ட் ஊர் மாறிப் போனதில் நல்ல ஆட்டக்காரர்கள் குறைந்தார்கள். இன்னொரு காரணமும் சொல்வார்கள். அங்கத்தினர்களுக்கு இலவசமாக ஊற்றிக்கொண்டிருந்த மதுவை நிறுத்திவிட்டார்களாம். உடனே கூட்டம் மெலிந்துவிட்டதாம். நம் சங்கங்களில் கூட்டம் முடிந்ததும் கேசரியும் காபியும் உண்டு என்று அழைப்பிதழில் போடுவதன் சூட்சுமம் இப்போது விளங்கும்.

1877 டிசம்பரில் கையில் கொஞ்சம் பணம் இருந்தது, ஆட ஆள் இல்லை. கிளப்பின் கௌரவச் செயலாளரும் பொருளாளருமாக இருந்தவர் ஜேம்ஸ் ராத்னி என்பவர். கடைசியில் கேப்டன் பொறுப்பும் அவர் தலையில்தான். இந்தக் கட்டம் எனக்கு மிகவும் பரிச்சயமாகத் தெரிகிறது. வெளியூரில் நடக்கும் எந்தச் சங்கத்திலும் ஒரு காலம் வரும். பாதிப் பேர் மாற்றலாகிப் போயிருப்பார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். ஒரே மனிதர் வரவேற்பு, கணக்கு, நன்றியுரை மூன்றையும் செய்துகொண்டிருப்பார். நான் வேலை பார்த்த ஒரு ரயில்வே காலனியில் தமிழர் சபா ஒன்று இப்படித்தான் ஓய்ந்தது. வங்கியில் நின்ற தொகையை என்ன செய்வது என்று முடிவாகவில்லை. ஆளுக்கு இவ்வளவு பிரித்துக்கொள்வோம் என்றார் ஒருவர், கோயிலுக்குக் கொடுப்போம் என்றார் இன்னொருவர். காசோலையில் கையெழுத்திட வேண்டிய இருவரில் ஒருவர் நாக்பூர் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பணத்தைப் பற்றி யாரும் பேசக் கேட்கவில்லை. சபாவின் பெயரும் இன்று எவருக்கும் ஞாபகமில்லை.

ராத்னி வேறு வழி சொன்னார். மிச்சப் பணத்தைக் கொண்டு ஒரு கோப்பை செய்து லண்டன் ரக்பி யூனியனுக்கு அனுப்புவோம், கிளப் போனாலும் பெயர் நிற்கட்டும் என்று எழுதினார். யூனியன் ஏற்றுக்கொண்டது. வங்கியிலிருந்து பணத்தை வெள்ளி ரூபாயாகவே எடுத்து, உருக்கி, கோப்பையாக அடித்தார்கள். 270 ரூபாய் என்று சொல்லப்படுகிறது. இரும்போடு காலம் கழித்தவன் என்றாலும் எனக்குக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. அன்றைய ரூபாய் சரியாக ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு சுத்த வெள்ளி. ஆக 270 ரூபாய் என்றால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். உருக்குச் சேதாரம், செதுக்குச் சேதாரம் தனி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜெர்மனி முதலிய நாடுகள் தங்க நாணயத்துக்கு மாறியதால் 1870களில் வெள்ளியின் விலை உலகச் சந்தையில் சரிந்துகொண்டிருந்தது. அந்த ரூபாயைப் பவுனாக மாற்றி அனுப்பியிருந்தால் வருஷத்துக்கு வருஷம் கைக்கு வருவது குறைந்திருக்கும். கோப்பையாக்கியதில் மதிப்பு ஏறியதே தவிர இறங்கவில்லை.

கோப்பை சுமார் 18 அங்குல உயரம். உடல் முழுக்க நுணுக்கமான சித்திர வேலை. மூன்று கைப்பிடிகள், மூன்றும் படமெடுத்த ராஜநாகங்கள். மூடியின் உச்சியில் அம்பாரி சுமந்த யானை. வைஸ்ராயின் யானை ஒன்றைப் பார்த்துச் செய்ததாகச் சொல்வார்கள். மரப்பீடத்தில் சிறு தகடுகள் பதித்து, ஒவ்வோர் ஆட்டத்தின் தேதி, வென்ற நாடு, இரண்டு கேப்டன்களின் பெயர் எல்லாம் பொறித்து வருகிறார்கள். நாகமும் யானையும் செதுக்கிய கைவினைஞர் யார் என்று அதில் எங்கும் இல்லை. 'இந்திய வேலைப்பாடு' என்று இரண்டு வார்த்தையோடு வரலாற்றாசிரியர்கள் முடித்துக்கொள்கிறார்கள்.

கால்பந்துக் கோப்பையைப் போல எல்லாக் கிளப்புகளும் மோதும் போட்டிக்கு இது பயன்பட வேண்டும் என்பது கல்கத்தாக்காரர்களின் ஆசை. லண்டன் யூனியனுக்கு அதில் விருப்பமில்லை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுக்கு ஒருமுறை ஆடும் ஆட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். 1879 மார்ச் 10ஆம் தேதி முதல் ஆட்டம், அதே ரேபர்ன் பிளேஸில். சமமாக முடிந்தது. அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் இங்கிலாந்து வென்று கோப்பையை முதலில் கைப்பற்றியது. 1884 ஆட்டத்தில் ஒரு டிரையைப் பற்றி எழுந்த சண்டை முற்றி, மறு ஆண்டு ஆட்டமே நடக்கவில்லை. அந்தச் சண்டையைத் தீர்க்கப் போய்த்தான் 1886இல் சர்வதேச ரக்பி வாரியம் ஏற்பட்டது.

ஸ்காட்லாந்து ரக்பியின் கதை ஏற்றமும் இறக்கமுமானது. அதன் உயிர்நாடி தெற்கு எல்லைப்புறத்து ஊர்களான ஹாயிக், கலாஷீல்ஸ், மெல்ரோஸ் போன்றவை. 1883இல் மெல்ரோஸ் கிளப்புக்கு நிதி திரட்டுவதற்காக நெட் ஹேக் என்ற கசாப்புக்காரர் யோசனையில் பிறந்ததுதான் ஏழு பேர் ஆடும் ரக்பி; 2016 முதல் அது ஒலிம்பிக்கிலேயே இடம் பெற்றுவிட்டது. 1924 ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற எரிக் லிடல் அதற்குமுன் ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடியவர். 1925 மார்ச் 21 அன்று எடின்பரோவில் மர்ரேஃபீல்ட் மைதானம் திறக்கப்பட்டது. அன்றே இங்கிலாந்தை 14-11 என்று வென்று, அந்தப் பருவத்தில் எல்லா நாடுகளையும் தோற்கடித்த பெருமையும் சேர்ந்தது. அப்படி எல்லோரையும் வென்றது 1925, 1984, 1990 ஆகிய மூன்று முறைதான்.

இறக்கம் என்றால் 1951 முதல் 1955 வரை. தொடர்ந்து 17 தோல்வி. அதில் தென்னாப்பிரிக்காவிடம் 44-0 என்ற அவமானமும் அடங்கும். லண்டன் ட்விக்கனம் மைதானத்தில் 1938இல் ஜெயித்த பிறகு அடுத்த வெற்றி 1971இல், அதற்கடுத்தது 1983இல், அதற்குப் பின் 2021இல். நடுவில் 38 வருஷம்! ஆனாலும் ரசிகர்கள் விடவில்லை. 1975இல் வேல்ஸுக்கு எதிரான ஆட்டத்தைக் காண மர்ரேஃபீல்டில் ஒரு லட்சத்துக்கு மேல் கூடினார்கள்.

1990 மார்ச் 17 ஆட்டத்தை ஸ்காட்லாந்தில் இன்றும் பேசுகிறார்கள். இரண்டு அணிகளும் அந்த ஆண்டு தோற்காமல் வந்திருந்தன. இங்கிலாந்துதான் ஜெயிக்கும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். கேப்டன் டேவிட் சோல் தம் ஆட்களை வழக்கம்போல ஓட்டமாக அழைத்து வராமல் மெல்ல நடத்தியே மைதானத்துக்குள் கூட்டி வந்தார். அந்த நடையிலேயே கூட்டம் எழுந்து நின்றது. 13-7 என்று ஸ்காட்லாந்து வென்றது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு நடந்தது வேறு கதை. 1988 ஆட்டம் முடிந்த இரவு, போதையில் இருந்த இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸும் ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரியும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எடின்பரோ தெருக்களில் போய் அதையே பந்தாக உதைத்து விளையாடினார்கள். கோப்பை நசுங்கியது. ஜெஃப்ரிக்கு ஆறு மாதத் தடை, ரிச்சர்ட்ஸுக்கு ஒரே ஓர் ஆட்டம்! ஒரே குற்றத்துக்கு இரண்டு தராசு. நூறு வருஷம் தாங்கிய வெள்ளியை ஒரு ராத்திரியில் நசுக்கியவர்களுக்கு ஆறு மாதமே குறைவு என்பது என் கட்சி. செப்பனிட்டார்கள் என்றாலும், மிகவும் நொய்ந்துபோன மூலக் கோப்பை ட்விக்கனம் அருங்காட்சியகத்தின் பராமரிப்பில் இருக்கிறது. வென்றவர்கள் வைத்துக்கொள்ள அச்சு அசலான நகல்கள் உண்டு.

2018இல் ஸ்காட்லாந்து 25-13 என்று வென்றது. 2019இல் ட்விக்கனத்தில் 31-0 என்று பின்தங்கி, கடைசியில் 38-38 என்று சமன் செய்தது. சமமானால் கோப்பை வைத்திருப்பவரிடமே தங்கும் என்பது விதி. 2021 முதல் 2024 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து ஸ்காட்லாந்துக்கே. 2025இல் இங்கிலாந்து 16-15 என்று ஒரே புள்ளியில் தட்டிப் பறித்தது. கடைசி நேரத்தில் ஸ்காட்லாந்து டிரை எடுத்தும், அதைத் தொடர்ந்த உதை கம்பத்துக்கு வெளியே போய்விட்டது.

கல்கத்தாவில் ரக்பி அத்தோடு செத்துவிடவில்லை. 1884இல் மறுபடி தலைதூக்கியது. 1890இல் உள்ளூர்ப் போட்டிக்கென்று தனிக் கோப்பையும் வந்தது. கல்கத்தா ஃபுட்பால் கிளப் 1965இல், 1792இல் தோன்றிய கிரிக்கெட் கிளப்போடு இணைந்தது. பாலிகஞ்ச் குருசதய் ரோட்டில் இருக்கும் அந்த கிளப் வழியாக நம்மில் பலர் தினமும் பஸ்ஸில் போகிறோம். ஆர்மீனியன் கல்லூரிப் பையன்கள் இந்த ஆட்டத்தில் பெயர் பெற்றவர்கள். 2004இல் பால் வால்ஷ் என்ற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி, மைதானில் சுற்றித் திரிந்த ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து 'ஜங்கிள் க்ரோஸ்' என்ற கிளப்பை ஆரம்பித்தார். இந்தியாவின் தேசிய அணி முதல் சர்வதேச ஆட்டம் ஆடியது 1998இல்தான், சிங்கப்பூருக்கு எதிராக. 2019இல் நம் பெண்கள் அணி அதே சிங்கப்பூரை 21-19 என்று வென்றது.

பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். இங்கே ரக்பிக்கு ஏற்ற பருவம் மழைக்காலம். தரை சேறாகி மெத்தையாக இருந்தால்தான் விழுந்தாலும் எலும்பு தப்பும். ஆகவே குடையோடு மைதான் பக்கம் போய்ப் பாருங்கள். கல்கத்தா கோப்பை ஆட்டம் இரட்டைப்படை ஆண்டுகளில் எடின்பரோவிலும் ஒற்றைப்படை ஆண்டுகளில் லண்டனிலும் நடக்கும்; நமக்கு அது இரவு நேரம்.