கிரெடிட் மாற்றமும் முன்கற்றல் ஏற்பும்

கிரெடிட் மாற்றம் என்பது ஒருவர் ஒரு கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ ஏற்கெனவே படித்துத் தேர்ச்சி பெற்ற பாடங்களை, மற்றொரு நிறுவனம் தன் பட்டப்படிப்பின் பகுதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடாகும். வகுப்பறைக்கு வெளியே, வேலையிலும் தொழிலிலும் கற்றதை மதிப்பிட்டு அதற்கும் கிரெடிட் வழங்குவது முன்கற்றல் ஏற்பு எனப்படும். கிரெடிட்டைத் தமிழில் மதிப்புப்புள்ளி என்றும் எழுதுவர்; கல்லூரி அலுவலகங்களில் வழங்கும் சொல் கிரெடிட்தான். இவ்விரண்டும் சேர்த்தே பேசப்படுகின்றன. ஆனால் இந்தியாவில் முதலாவது ஓரளவு நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டாவது இன்னும் பெரும்பாலும் விதிகளின் அளவில்தான் இருக்கிறது.

யாருக்குத் தேவைப்படுகிறது

இடையில் நின்றவருக்குத்தான் இந்த ஏற்பாடு முதன்மையாகப் பயன்படுகிறது. கொடைக்கானல் மலையில் வட்டக்கானலுக்குக் கீழே உள்ள வெள்ளகவியை எடுத்துக்கொள்ளலாம். பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்து மலையேறும் பழைய நடைபாதையில் அமைந்த ஊர் அது. நீண்ட காலம் வாகனச் சாலை இல்லாமல், சரக்கைக் குதிரையிலும் தலையிலும் ஏற்றி இறக்கியே வாழ்ந்த ஊர். ஊருக்குள் செருப்பு அணியாத வழக்கத்தால் வெளியூராருக்கு இப்பெயர் தெரிந்திருக்கும்.

இங்கிருந்து கல்லூரிக்குப் போகிறவர் தினமும் வீடு திரும்ப முடியாது. மலைக்கு மேலே கொடைக்கானலிலோ, கீழே சமவெளி ஊர்களிலோ தங்கித்தான் படிக்க வேண்டும். 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலிலேயே இருப்பது மலைப்பகுதிப் பெண்களுக்கு ஒரு வசதி. ஆனாலும் வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தாலோ, காப்பிப் பழம் பறிக்க ஆள் இல்லாமல் போனாலோ விடுதியில் இருக்கும் பிள்ளை ஊருக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பிய ஒருவர் சில ஆண்டுகள் கழித்து மறுபடி படிக்க நினைத்தால், முன்பு படித்த ஓராண்டு என்ன ஆகும்?

கிரெடிட் வங்கி

பழைய ஆண்டுத் தேர்வு முறையில் பட்டம் என்பது பிரிக்க முடியாத ஒரே பொருளாக இருந்தது. மூன்றாண்டையும் முடித்தால் பட்டம். இரண்டாண்டோடு நின்றால் கையில் மதிப்பெண் பட்டியல் மட்டும். பருவமுறையும் கிரெடிட் கணக்கும் வந்த பிறகே படிப்பைத் துண்டு துண்டாக எண்ண முடிந்தது. 2023இல் வெளியான தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். ஓராண்டுக்கு 1,200 மணி நேரம், அதாவது 40 கிரெடிட். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120.

இந்தக் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் இடம் கல்விசார் கிரெடிட் வங்கி. பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் இதற்கான விதிகளை வெளியிட்டது. பெயரில் வங்கி என்று இருந்தாலும் மாணவர் தானே எதையும் இதில் செலுத்த முடியாது. தேர்வு நடத்திய நிறுவனம்தான் கிரெடிட்டைப் பதிவேற்ற வேண்டும். மாணவரிடம் இருப்பது 12 இலக்கக் கணக்கு எண் மட்டுமே. பதிந்த கிரெடிட் பொதுவாக ஏழு ஆண்டுவரை செல்லும். பட்டம் வழங்கும் நிறுவனத்திடமிருந்து குறைந்தது பாதிக் கிரெடிட்டைப் பெற்றாக வேண்டும் என்பதும் விதி. எனவே 120இல் 60க்கு மேல் வெளியிலிருந்து கொண்டுவர இயலாது. ஸ்வயம் தளத்தின் இணையவழிப் பாடங்களையும் 40 விழுக்காடுவரை கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி உண்டு. பாடத்தை மலையில் இருந்தே பார்க்கலாம். தேர்வுக்கு மட்டும் மையம் உள்ள ஊருக்கு வர வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வரம்பு உண்டு. வங்கி ஏற்பது 2021–22 கல்வியாண்டு முதல் பெற்ற கிரெடிட்டுகளையே. 2014இலோ 2018இலோ படிப்பை விட்டவருக்கு அங்கே கணக்கே கிடையாது. அவருக்குத் திறந்திருப்பது பழைய வழிதான்: முன்பு படித்த பல்கலைக்கழகத்திலேயே மறுசேர்க்கை கேட்பது, அல்லது புதிய இடத்தில் பாடத்திட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது. ஒப்பீட்டில் பெயர் பொருந்தினால் போதாது. உள்ளடக்கமும் பொருந்த வேண்டும். பொருந்தாத பாடங்களைக் கூடுதலாக எழுதச் சொல்வார்கள்.

ஓராண்டில் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம் என்று வெளியேறும் ஏற்பாட்டுக்குத் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏழை மாணவர் நடுவில் நிற்பதை இது இயல்பாக்கிவிடும் என்பது அதன் சாரம். அச்சம் நியாயமானதே, ஓராண்டுச் சான்றிதழைக் காட்டினால் எந்த வேலை கிடைக்கும் என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லை. ஆயினும் ஏற்கெனவே நின்றுவிட்டவருக்குச் சான்றிதழைவிட முக்கியமானது திரும்பி வரும் வழி. அதைச் சேர்த்தே எதிர்ப்பது அவருக்கு உதவாது.

அனுபவத்துக்கு என்ன மதிப்பு

எட்டு ஆண்டு மலைவழி காட்டியவர், காப்பித் தோட்டத்தில் நிழல் மரம் முதல் பழம் உலர்த்துவதுவரை அறிந்தவர் ஆகியோரின் அறிவைப் பட்டப்படிப்பு எப்படி எண்ணும்? தேசியக் கட்டமைப்பு இதற்கு ஒரு பெருக்கல் கணக்கு வைத்திருக்கிறது. மதிப்பீட்டில் தேறிப் பெற்ற கிரெடிட்டை, ஓராண்டுக்கு மேல் நான்கு ஆண்டுவரை அனுபவம் இருந்தால் 1.33ஆலும், ஏழு ஆண்டுவரை 1.67ஆலும், அதற்கு மேல் 2ஆலும் பெருக்கலாம். 600 மணி நேரப் பயிற்சியில் 20 கிரெடிட் பெற்றவருக்கு எட்டு ஆண்டு அனுபவம் இருந்தால் அது 40 ஆகும்.

கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அனுபவம் தனியே கிரெடிட் ஆவதில்லை; மதிப்பிடப்பட்ட கிரெடிட்டைப் பெருக்க மட்டுமே அது உதவுகிறது. சான்றிதழே இல்லாதவரிடம் பெருக்குவதற்கு எதுவும் இல்லை. பூஜ்ஜியத்தை இரண்டால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். மேலும், கட்டமைப்பு இடம் தந்தாலும் ஒரு பல்கலைக்கழகம் தன் விதிகளில் அதை ஏற்றிருந்தால்தான் பயன்.

பிரான்சு இதை வேறு விதமாகச் செய்கிறது. 2002இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பணி அனுபவம் உள்ளவர் தாம் செய்ததை விரிவாக எழுதிக் கோப்பாகக் கொடுப்பார். தேர்வுக்குழு அதைப் படித்து, நேரில் கேள்வி கேட்டு, பட்டத்தின் ஒரு பகுதியையோ முழுப் பட்டத்தையுமோ வழங்கலாம். அங்கேயும் அனுபவத்தைச் சும்மா நம்பிவிடுவதில்லை. ஆனால் மதிப்பிடும் பொறுப்பைப் பல்கலைக்கழகமே ஏற்கிறது.

பட்டம் கிடைத்தும் வேலைக்குச் செல்லாத நிலை

தமிழ்நாட்டில் குறுக்கு வழியின் விலையை ஒரு தலைமுறை நேரில் கண்டது. 1985இன் மானியக் குழு விதிகள், 21 வயது நிறைந்தவர் பள்ளிப் படிப்பு இல்லாவிட்டாலும் நுழைவுத் தேர்வெழுதித் தொலைநிலைப் பட்டப்படிப்பில் சேர வழி வைத்திருந்தன. வேலைக்குப் போனபடியே பலர் இவ்வழியில் பட்டம் பெற்றனர். சில பல்கலைக்கழகங்கள் இன்னும் ஒரு படி தாண்டி, இளநிலைப் பட்டம் இல்லாதவருக்கே முதுநிலைப் பட்டம் அளித்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தகைய முதுநிலைப் பட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 107ஆம் எண் அரசாணை, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்ற வரிசையில் தேறிய பின் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்றது. கையில் பட்டம் இருந்தும் பதவி உயர்வு கிடைக்காமல் நீதிமன்றம் சென்றவர்கள் பலர்.

ஆகவே கிரெடிட் பற்றி விசாரிக்கும் முன் பிளஸ் டூவை முடித்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். விட்டுப்போன பாடங்களைத் தனித்தேர்வராக எழுதலாம்; தேறிய பாடங்களை மறுபடி எழுத வேண்டியதில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் பிற வாரியத்தில் தேறிய இரண்டு பாடங்கள்வரை ஏற்கிறது. அரசு வேலையைக் குறிவைப்பவர் எந்த வாரியச் சான்று செல்லும் என்பதை அந்தந்த அறிவிக்கையில் பார்த்துக்கொள்வது நல்லது.

தொழில்நுட்பக் கல்வியில் இத்தனை சுற்று இல்லை. பாலிடெக்னிக் பட்டயம் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வது பல ஆண்டுகளாக வழக்கத்தில் உள்ளது.

கையில் இருக்க வேண்டியவை

படிப்பை நிறுத்தும் நாளில்தான் இதற்கான வேலை தொடங்குகிறது. தேர்வெழுதிய எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், அந்த ஆண்டின் பாடத்திட்ட நகல் ஆகியவற்றைக் கல்லூரியை விட்டு வரும்போதே வாங்கிவிட வேண்டும். பாடத்திட்டம் மாறிய பிறகு பழைய நகலைத் தேடி எடுப்பது கடினம். கிரெடிட் வங்கிக் கணக்கை டிஜிலாக்கர் வழியே திறந்து, கல்லூரி கிரெடிட்டைப் பதிவேற்றியிருக்கிறதா என்று ஒவ்வொரு பருவமும் பார்க்கலாம். பதியாமல் இருந்தால் மாணவர் படிப்பில் இருக்கும்போது தேர்வுப் பிரிவில் கேட்பது எளிது. ஐந்து ஆண்டு கழித்து மலையிறங்கி வந்து கேட்டால் பழைய பதிவேட்டைத் தேடுவதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதற்குள் ஏழு ஆண்டுக் கெடுவிலும் பெரும்பகுதி கழிந்திருக்கும்.