தனக்கென ஒரு தடம்

சென்னை போன்ற மாநகரில் தொழில் நடத்துவோர் மின்சாரத்திற்கு அடுத்தபடியாக நம்பியிருப்பது இணையத்தையே எனலாம். 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொலைபேசியைச் சுழற்றித்தான் அதனை எட்ட முடிந்தது. இன்றோ கண்ணாடி இழை வாசற்படி வரை வந்து நிற்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் 100 மெகாபிட் இணைப்புக் கிடைக்கிறது. அப்படியிருக்க, அதே 100 மெகாபிட்டுக்குப் பல மடங்கு பணம் கொடுத்து ‘லீஸ்டு லைன்’ எனப்படும் தனித் தடத்தைச் சில நிறுவனங்கள் வாங்குவானேன்? வணிகவியல் மாணவர்களுக்குச் சுவையான கேள்வி இது. ஒரே எண் எழுதிய இரு சரக்குகளுக்கு இரு விலை இருக்குமானால், அவை ஒரே சரக்கு அல்ல என்றுதானே பொருள்?

வேறுபாடு ‘வரை’ என்னும் சிறு சொல்லில் இருக்கிறது. சாதாரண பிராட்பேண்டு விளம்பரம் ‘100 மெகாபிட் வரை’ என்று சொல்லும். தெருவுக்கு வரும் ஓர் இழை, ‘ஸ்பிளிட்டர்’ என்னும் சிறு பெட்டியில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் போகிறது. பரவலாக உள்ள ஜி-பான் முறையில் அந்தத் தாய் இழை நம் பக்கம் கொண்டுவருவது வினாடிக்குச் சுமார் 2,500 மெகாபிட். நம்மிடமிருந்து எடுத்துச் செல்வது அதில் பாதி, அதாவது 1,250 மெகாபிட். 64 பேரும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக இறங்கினால் ஆளுக்கு இறக்கம் 39 மெகாபிட், ஏற்றம் 19 மெகாபிட். அதற்கு அப்பால் உள்ள தொடுப்பிலும் கூட்டம் உண்டாதலால் சில வேளைகளில் அதுவும் கிட்டாது. இதில் ஏமாற்று ஏதுமில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பதில்லை என்ற கணக்கில்தான் அவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிகிறது. நகரப் பேருந்தில் எல்லாருக்கும் இருக்கை இல்லை என்பது போல்தான் இதுவும்.

தனித் தடத்தில் ‘வரை’ இல்லை. வாங்கிய அளவு, இரவும் பகலும், இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் சமமாக, வேறு யாருடனும் பங்கிடாமல் கிடைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வணிகர்கள் இதை ‘ஒன்றுக்கு ஒன்று’ என்பர்.

ஏற்றம் என்ற சொல்லை இங்குச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வீட்டில் நாம் பெரும்பாலும் இறக்குகிறோம், தொழிலோ ஏற்றுகிறது. நகரில் உள்ள ஸ்கேன் நிலையம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பக்கவாதம் தாக்கிய ஒருவரை நள்ளிரவில் கொண்டுவருகிறார்கள். மூளையின் இரத்தக் குழாய்களையும் சேர்த்து எடுத்த சி.டி. படத் தொகுதி சில நூறு மெகாபைட் இருக்கும். கணக்குக்காக 500 என்று கொள்வோம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய மருத்துவர் வேறிடத்தில் இருக்கிறார். ஒரு பைட்டுக்கு 8 பிட் ஆதலால் அனுப்ப வேண்டியது 4,000 மெகாபிட். ஏற்றம் 50 மெகாபிட் உறுதியாக இருந்தால் 80 வினாடி. நெரிசலில் 2 மெகாபிட்டுக்குத் தேய்ந்துபோனால் 33 நிமிடம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்திலும் ஒவ்வொரு நிமிடமும் மூளைச் செல்கள் மடிந்துகொண்டிருக்கின்றன. ஆம்புலன்சும் சாலை நெரிசலும் ஏற்கெனவே விழுங்கியது போக மிஞ்சிய நேரத்தில் 33 நிமிடம் என்பது சிறிய தொகையன்று. இத்தகைய நிலையத்தார் பத்தாயிரங்களில் வாடகை கொடுப்பதை ஆடம்பரம் என்று கூற முடியுமா?

ஆனால் தனித் தடம் வாங்கிவிட்டாலே போதும் என்று எண்ணுவதும் சரியன்று. வாங்குவோர் பலர் மெகாபிட்டுக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் பேரம் பேசிவிட்டு, ஒப்பந்தத்தின் மற்றத் தாள்களைப் புரட்டாமலே கையெழுத்திடுகின்றனர். உண்மையில் விலைக்கு உரிய சரக்கு அந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

‘99.5 சதவீதம் இயங்கும்’ என்று எழுதியிருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஏறத்தாழ நூறு அல்லவா! கணக்கிட்டுப் பார்ப்போம். 30 நாள் மாதத்துக்கு 720 மணி. அதில் அரைச் சதவீதம் 3 மணி 36 நிமிடம். மாதந்தோறும் அவ்வளவு நேரம் தடம் செத்துக் கிடந்தாலும் நிறுவனம் வாக்குத் தவறியதாகாது. 99.9 என்றால் 43 நிமிடம். வெறும் 99 என்றால் 7 மணி 12 நிமிடம். இதைவிட நுட்பமான கேள்வி ஒன்று உண்டு: கணக்கெடுப்பு மாதத்துக்கா, ஆண்டுக்கா? அதே 99.5ஐ ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 44 மணி நேரம் வருகிறது. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை நின்ற தடம் ஞாயிறு நண்பகலில் உயிர்பெற்றாலும் ஒப்பந்தப்படி குற்றமில்லை! ஆகவே சதவீதத்தோடு நில்லாமல், ‘பழுது சொன்ன எத்தனை மணிக்குள் சரிசெய்வீர்கள், ஞாயிறு இரவுக்கும் அது பொருந்துமா?’ என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்.

வாக்குத் தவறினால் கிடைக்கும் ஈடும் பலர் நினைப்பது போன்றதன்று. பொதுவாக வாடகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொடுப்பார்கள். தொழிலில் நேர்ந்த இழப்பைத் தர மாட்டார்கள். மாத வாடகை 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் பங்கு 1,200. எட்டு மணி நேரம் நின்றதற்கு 400 ரூபாய். அந்த எட்டு மணியில் திரும்பிப் போன நோயாளிகளின் கணக்கு ஒப்பந்தத்தில் எங்கும் இராது. ஆகவே ஈட்டுத் தொகையை நம்பி இருப்பதைவிட, நிற்காமலிருக்க வழி தேடுவதே வணிகனுக்கு அழகு.

வழி என்றதும் ‘இரண்டு கம்பெனியில் இரண்டு இணைப்பு வாங்கிவிட்டால் தீர்ந்தது’ என்று நண்பர்கள் கூறலாம். தீர்ந்துவிடுவதில்லை. ஒரு கம்பெனியின் இழையை மற்றொன்று வாடகைக்கு எடுத்து ஓட்டுவது உண்டு. இரு கம்பெனிகளின் இழைகளும் ஒரே தெருவின் ஒரே பள்ளத்தில் படுத்திருப்பதும் உண்டு. மழைநீர் வடிகாலுக்கோ மெட்ரோ ரயிலுக்கோ தோண்டும் இயந்திரம் ஒரு வீச்சில் இரண்டையும் அறுத்துவிடும். கம்பெனி இரண்டு, பள்ளம் ஒன்று! எனவே, நம் கட்டடத்திலிருந்து அவர்கள் நிலையம் வரை இழை செல்லும் பாதையை வரைபடமாகக் கேட்க வேண்டும். ஒன்று மண்ணுக்கடியிலும் மற்றொன்று எதிர்த்திசையிலிருந்தும் வந்தால் நல்லது. இரண்டாவதை மொட்டைமாடியில் கம்பம் நட்டு வானலை வழியே வாங்குவாரும் உளர்; கனமழையில் உயர் அலைவரிசைகள் நலியும் என்றாலும் மண்வெட்டிக்கு அது அஞ்ச வேண்டியதில்லை.

சென்னை மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரையோரப் பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருசேர நின்றன. அடுத்த ஆண்டே, 2016 டிசம்பர் 12 அன்று, வார்தா புயல் மரங்களைச் சாய்த்தபோது மேலே தொங்கிய கம்பிகள் அறுந்து வீழ்ந்தன. முதலாவது கீழிருந்து தாக்கியது, இரண்டாவது மேலிருந்து. கண்ணாடி இழை தண்ணீரில் அவ்வளவு எளிதில் கெடாது. ஆனால் அதன் நுனியில் ஒளியை ஏற்றி அனுப்பும் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். பல கட்டடங்களில் அப்பெட்டி தரைக்குக் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில் மாட்டப்பட்டிருக்கிறது. மூன்றாம் மாடி அலுவலகத்தில் விலையுயர்ந்த யு.பி.எஸ். வைத்துக்கொண்டு என்ன பயன்?

வெளிநாட்டோடு வேலை செய்வோருக்குத் தொலைவு என்ற ஒன்றும் இருக்கிறது. கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் 3,000 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப வினாடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். எந்தக் கம்பெனியும் இதைக் குறைக்க முடியாது. சுற்றுவழியாக அனுப்பி அதிகமாக்க மட்டும் முடியும்! ‘ஒன்றுக்கு ஒன்று’ என்ற வாக்குறுதி பெரும்பாலும் அவர்களுடைய வலைக்குள் மட்டுமே செல்லும் என்பதால், கடலுக்கு அப்பால் எத்தனை வழிகள் வைத்திருக்கிறார்கள் என்று விசாரிப்பது பயனுள்ளது.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரங்கநாதன் தெருவில் துணிக்கடை வைத்திருப்பவருக்கு யு.பி.ஐ. பணம் வந்து சேர்ந்தால் போதும். அதற்குச் சில கிலோபைட்டே செலவாகும். வெவ்வேறு பாதையில் வரும் இரண்டு சாதாரண இணைப்பும், இரண்டும் நின்றால் கைகொடுக்க ஒரு சிம் அட்டையும் அவருக்குத் தாராளம். மாதத்தின் 20ஆம் தேதி நெருங்கும்போது ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யத் தவிக்கும் தணிக்கையாளர்க்கும் தனித் தடத்தால் பெரும் பயன் இல்லை. நெரிசல் மறுமுனையில் இருக்க, நம் முனையை அகலமாக்கி ஆவதென்ன?

வேண்டும் என்று முடிவு செய்தவர் ஆடி மாதத்துக்குள் பேச்சைத் தொடங்குவது நல்லது. வடகிழக்குப் பருவமழையையொட்டி மாநகராட்சி சாலை வெட்ட அனுமதியை நிறுத்திவைப்பது வழக்கம். ஐப்பசியில் ஆர்டர் கொடுத்தால் தை பிறக்கும்வரை காத்திருக்க நேரலாம். இழை வந்து சேர்ந்ததும் ரவுட்டரில் நேரடியாகக் கணினியைப் பொருத்தி, வேலை மும்முரமான ஒரு முழு நாள் ஏற்றம், இறக்கம் இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும். ஒப்புதல் தாளில் அதன் பிறகு கையெழுத்திட்டால் போதும். மாத வாடகை ஓடத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கையெழுத்தின் தேதியிலிருந்துதான்.