நூறு ஆட்டம் நின்ற ஸ்டாப்பர்

2024 அக்டோபர் 17, காத்மாண்டு தசரத் மைதானம். தெற்காசிய மகளிர் கால்பந்துக் கோப்பையில் பாகிஸ்தானை இந்தியா 5-2 என்று ஜெயித்தது. அந்த ஒரே ஆட்டத்தில் மணிப்பூர்க்காரர்கள் இருவர் ஆளுக்கொரு மைல்கல்லைத் தாண்டினார்கள். பாலா தேவி தன் 50-வது சர்வதேச கோலை அடித்தார். ஆஷாலதா தேவிக்கு அது 100-வது சர்வதேச ஆட்டம். இந்தியப் பெண்களில் நூறைத் தொட்ட முதல் ஆள் அவர்தான்.

பாலாவின் கோலை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஆஷாலதாவின் நூறில் எதைப் போட்டுக் காட்டுவது? அவர் ஸ்டாப்பர். நடுப்பின்வரிசையில் நிற்பவர். அவர் வேலை ஒழுங்காக நடந்தால் அந்த இடத்தில் எதுவுமே நடந்திருக்காது. ஒழுகாத கூரையை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? போதாக்குறைக்கு, அவருடைய நூறாவது ஆட்டத்திலேயே இந்தியா இரண்டு கோல் வாங்கியது. பேக் ஆடுபவர்களின் ராசி அப்படி.

லோயிதோங்பம் ஆஷாலதா தேவி இம்பாலில் பிறந்தவர். 2011-ல் இந்திய அணிக்கு ஆடத் தொடங்கினார். அவருக்கும் தேனிப் பக்கம் போடிக்கு மேலே இருக்கும் நம் குரங்கணி மலைக்கும் நேரடி சம்பந்தம் எதுவும் இல்லை. நமக்கும் அவருக்கும் நடுவில் இருப்பது மதுரை. 2016-ல் தொடங்கிய மதுரை சேது எப்.சி. என்ற மகளிர் கிளப், இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரிகளைத் தேடிக் கூட்டிவந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர் ஆஷாலதா. போடியிலிருந்து மதுரை தொண்ணூறு கிலோமீட்டர். நாட்டின் முதல்தரமான ஸ்டாப்பர் நம் பக்கத்து ஊர் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆடிய காலத்தில், போடியில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றுதான் தோன்றுகிறது.

2019 மே மாதம் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் நடந்தது. எல்லா அணிகளும் ஒரே ஊரில் கூடி, ஒரே மைதானத்தில் ஆடி, அந்த மாதத்துக்குள்ளேயே லீக் முடிந்துபோனது. இறுதி ஆட்டத்தில் சேதுவுக்கு எதிரே மணிப்பூர் போலீஸ். அந்த அணியில் பாலா தேவி இருந்தார்; அந்தத் தொடரில் மட்டும் 26 கோல் அடித்திருந்தார். ஆஷாலதா இந்திய அணியில் அவரோடு ஆடியவர். அன்றைக்கு மட்டும் மறித்து நிற்க வேண்டிய வேலை. சேது 3-1 என்று ஜெயித்தது. மதுரைக்குக் கோப்பை வந்தது. அதிகக் கோல் அடித்தவர் என்ற பெயர் பாலாவுக்கு, சாம்பியன் பட்டம் சேதுவுக்கு என்று அந்தத் தொடர் பங்கு பிரித்துக் கொடுத்தது.

அந்த ஆண்டு ஆஷாலதாவுக்கு நல்ல ஆண்டு. மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில், சொந்த மண்ணில் ஆடிய நேபாளத்தை 3-1 என்று வென்று தெற்காசியக் கோப்பையைத் தொடர்ந்து ஐந்தாவது முறையாக இந்தியா தட்டிச் சென்றது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஆண்டின் சிறந்த வீராங்கனை என்று அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆசியாவின் சிறந்த வீராங்கனைக்கான கடைசி மூவரில் சீனாவின் லீ யிங், ஜப்பானின் சாகி குமகாய் ஆகியோருடன் அவர் பெயரும் இருந்தது. விருது குமகாய்க்குப் போனது. 2011 உலகக் கோப்பை இறுதியில் ஜப்பானுக்கு வெற்றி பெனால்டியை அடித்தவர் குமகாய். ஆனால் அவரும் அடிப்படையில் பின்னால் நின்று ஆடுகிறவர்தான். மூன்றில் இரண்டு பேர் தடுப்பவர்கள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

ஸ்டாப்பர் வேலை என்னவென்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டி.வி.யில் பார்க்கும்போது அது கண்ணில் படாது, கேமரா பந்தின் பின்னாலேயே போய்விடும். பந்தை விட்டுவிட்டு ஸ்டாப்பரை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். பந்து எதிர்முனையில் இருக்கும்போதுதான் அவருக்கு வேலை அதிகம். கழுத்து ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். தன் பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஸ்டாப்பர், இரண்டு ஓரத்து பேக்குகள் என, தன்னோடு சேர்த்து நால்வரையும் ஒரே கோட்டில் வைத்திருக்க வேண்டும். எதிரணிப் பெண் பந்தை உதைக்கும் நொடிக்குச் சற்று முன் நால்வரும் சேர்ந்து ஓரடி முன்னே வைத்தால், பின்னால் ஓடப் பார்த்தவள் ஆஃப்சைடு. மூன்று பேர் வைத்து ஒருத்தி மறந்துவிட்டால் கோல். அந்த ஓரடியை எப்போது வைப்பது என்று சொல்லும் குரல் ஸ்டாப்பருடையது. ஆட்டம் முழுக்க அவர் கத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மதுரைக் கிளப்பில் அந்தக் குரல் மணிப்பூரிலிருந்து வந்தது, அதைக் கேட்டு நகர வேண்டியவர்களில் தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். மைதானத்தில் அதற்கென்று ஒரு மொழி இருக்கிறது. ‘லைன்’, ‘மேன் ஆன்’, ‘டைம்’, ‘அவுட்’ என்று நாலு சொல் போதும். இலக்கணம் தேவையில்லை, சத்தம்தான் தேவை.

இன்னொன்று, ஸ்டாப்பர் விழக் கூடாது. சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பது கைதட்டல் வாங்கும். ஆனால் அங்கே சறுக்க வேண்டி வந்தது என்றால், அதற்கு முன்பே நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். நல்ல ஸ்டாப்பரின் நிக்கரில் புல் கறை குறைவாக இருக்கும். இந்த அறிவு இருபது வயதில் வராது. முன்வரிசைக்காரிக்குக் கால் வேகம் குறைந்தால் ஆட்டம் முடிந்தது, ஸ்டாப்பருக்குக் கால் குறையக் குறையக் கண் கூடும். ஆஷாலதா பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, முப்பத்தோரு வயதில் நூறைத் தொட்டது இதனால்தான் சாத்தியமானது.

அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் இந்தியா எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. தாய்லாந்தோடு ஆடிய ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தாய்லாந்திடம் இந்தியா 0-10 என்று தோற்றது. அதே தொடரில் தென்கொரியாவிடமும் அதே 0-10. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஆஷாலதா தலைமையில் இறங்கிய அணி அதே தாய்லாந்திடம் 0-1 என்று தோற்றது. தோல்வி தோல்விதான். பதக்கப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு. ஆனால் ஒன்பது கோல்கள் குறைந்திருக்கின்றன. அந்த ஒன்பது எங்கே போனது என்று கேட்டால், பின்வரிசையைத்தான் காட்ட வேண்டும். 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர் அடித்தது. பேச்சு முழுக்க அந்த இரண்டு கோலைப் பற்றித்தான் இருந்தது, இருக்க வேண்டியதும்தான்.

நடுவே அடி வாங்கிய ஆட்டங்களும் உண்டு. 2019 ஏப்ரலில் மியான்மரின் மாண்டலேயில் ஒலிம்பிக் தகுதிச்சுற்று. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் அடுத்த சுற்று. மியான்மரோடு 3-3 என்று முடிந்து, கோல் வித்தியாசத்தில் இந்தியா வெளியே வந்தது. மூன்று கோல் அடித்தும் போதாமல் போனதென்றால் அந்த ராத்திரி ஒரு பேக்குக்கும் தூக்கம் வந்திருக்காது. 2021 நவம்பரில் பிரேசிலின் மனாஸ் நகரில் 1-6. பிரேசிலின் மூத்த ஆட்டக்காரி ஃபோர்மிகாவுக்கு அது வழியனுப்பு விழா. மனிஷா கல்யாண் அங்கே ஒரு கோல் போட்டதை இன்றும் சொல்கிறோம். ஆறு வாங்கியதைச் சொல்வதில்லை.

எந்த ஸ்டாப்பரும் மறிக்க முடியாத சங்கதிகள் வேறு. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை இந்தியாவிலேயே நடந்தது. உலகக் கோப்பைக்குப் போக அதுதான் வாசல். முதல் ஆட்டத்தில் ஈரானோடு 0-0. மூன்று நாள் கழித்துச் சீன தைபேயோடு ஆட வேண்டிய நேரத்தில் முகாமுக்குள் கொரோனா புகுந்து, பதின்மூன்று பேரைக்கூடத் திரட்ட முடியாமல் போனது. விதிப்படி இந்தியா விலகிக்கொண்டதாக அறிவித்துவிட்டார்கள். சொந்த நாட்டில் நடந்த போட்டியில், ஒரே ஒரு ஆட்டத்தோடு கேப்டன் ஆஷாலதா வீட்டுக்குப் போனார். ஈரானோடு ஆடிய அந்த ஆட்டமும் ரத்து. கோல் வாங்காமல் முடிப்பதுதான் பின்வரிசைக்கு ஒரே சம்பாத்தியம். அதையும் கணக்கிலிருந்து அடித்தாயிற்று.

அதே வருடம் ஆகஸ்டில் இன்னொன்று. ஆஷாலதா அப்போது கோகுலம் கேரளா அணியில். ஆசிய கிளப் போட்டிக்காக அணி தாஷ்கண்டில் போய் இறங்கிவிட்டது. இங்கே சம்மேளன நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா இந்தியாவைத் தடை செய்தது. தடை நீங்குவதற்குள் கோகுலத்தின் ஆட்டம் கை நழுவிவிட்டது. போன பெண்கள் பந்தைத் தொடாமலே திரும்பினார்கள். டெல்லியில் நாற்காலிக்கு நடந்த சண்டைக்கு உஸ்பெகிஸ்தானில் அபராதம் கட்டியவர்கள் இவர்கள்தான். இதைப் பற்றி நம் பத்திரிகைகள் போதுமான அளவு கோபப்படவில்லை என்பது என் எண்ணம்.

அதே ஆண்டில் ஒரு நல்ல நாளும் இருந்தது, ஆனால் மதுரைக்கு அல்ல. 2022 மே 26. புவனேஸ்வரத்தில் லீக்கின் கடைசி ஆட்டம். ஒரு பக்கம் கோகுலம், மறுபக்கம் சேது; ஜெயிப்பவருக்குப் பட்டம் என்ற நிலை. சேது சீக்கிரமே முந்தியது. கோகுலத்துக்குக் கிடைத்த பெனால்டியை அடித்துச் சமன் செய்தவர் யார் தெரியுமா? ஆஷாலதா. பழைய கிளப்பின் வலைக்குள்ளேயே போட்டார். முடிவு 3-1, கோகுலம் சாம்பியன். அதே மே 26 அன்றுதான் மதுரை–தேனி அகலப்பாதையைப் பிரதமர் சென்னையில் தொடங்கிவைத்தார். பதினோரு வருடத்துக்கும் மேல் ரயில் இல்லாமல் இருந்த நம் பக்கத்து ஜனங்களுக்கு அன்றைக்குப் பேச அது போதுமாக இருந்தது. மதுரை அணி கோப்பையைத் தவறவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. ரயில் போடிக்கு வந்து சேர 2023 ஜூன் ஆனது.

இப்போது சம்பளம். 2017-ல் டெல்லியில் நடந்த முதல் மகளிர் லீக்கில் ஆறே அணிகள், மூன்று வாரத்துக்குள் எல்லாம் சரி. வருடத்தில் மிச்ச நாட்களுக்கு ஆட்டக்காரி என்ன செய்வாள் என்பது அவள் பாடு. போலீஸ், ரயில்வே என்று வேலை கிடைத்தவர்கள் தப்பினார்கள். ஆஷாலதா 2015-ல் மாலத்தீவின் நியூ ரேடியன்ட் கிளப்புக்குப் போய் ஆடியதைக்கூட இப்படித்தான் பார்க்க வேண்டும். இந்தியாவில் அப்போது தேசிய மகளிர் லீக்கே கிடையாது. 2023-ல்தான் லீக் அணிகள் குறைந்தபட்சம் பத்து இந்திய ஆட்டக்காரிகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று சம்மேளனம் விதி போட்டது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை வந்தது. 2024-25-ல் ஈஸ்ட் பெங்கால் முதல்முறை சாம்பியன் ஆனபோது அந்தப் பின்வரிசையிலும் ஆஷாலதா இருந்தார். மதுரை, கோழிக்கோடு, கொல்கத்தா என்று மூன்று ஊர்களுக்குக் கோப்பை.

இனி நம் மலைக்கு வருவோம். குரங்கணியில் சமதளம் கிடைப்பது கஷ்டம். போடியிலிருந்து வரும் ரோடு கொட்டகுடி ஆற்றங்கரையோடு ஏறி வந்து அங்கே முடிகிறது. அதற்கு மேல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடைதான். வெள்ளைக்காரர்கள் மூணாறு தேயிலையை ரோப்வே போட்டு இந்தச் சரிவில் இறக்கினார்கள். தேயிலை இறங்க வழி செய்தார்கள், பந்து உருள ஒரு இடம் யாரும் செய்யவில்லை. இங்கே ஓங்கி ஒரு கிளியரன்ஸ் அடித்தால் ஆற்றில் இறங்கித்தான் பந்தை எடுக்க வேண்டும்.

போடியில் மைதானம் உண்டு. அங்கே சிக்கல் நேரம். விடியும் முன்பே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கிளம்பிவிடும். காய் எடுத்து முடித்து அவர்கள் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். அம்மா ஜீப்பிலிருந்து இறங்கும்போது வீட்டில் உலை வைத்திருக்க வேண்டியது மூத்த பெண். பள்ளிக்கூடத்தில் பயிற்சி நடப்பது சரியாக அந்த நாலரை–ஆறு மணிக்குள். பையனுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது.

தமிழ்நாட்டுக்குத் திறமைப் பஞ்சம் இல்லை. தேசிய சீனியர் மகளிர் போட்டியை இருபது முறைக்கு மேல் வென்ற மணிப்பூரை, 2018-ல் கட்டக்கில் இறுதி ஆட்டத்தில் 2-1 என்று சாய்த்தது நம் அணி. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் பட்டம். கடலூர்ப் பக்கத்திலிருந்து இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் என்று இந்திய அணிக்கே ஆள் அனுப்பினோம். சட்டென்று நினைவுக்கு வரும் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: எல்லாம் நடுவரிசை, முன்வரிசை. ஸ்டாப்பர் என்றதும் சேது எப்.சி.யே இம்பால் பக்கம் பார்க்க வேண்டியிருந்தது.

காரணத்தைப் பள்ளி மைதானத்தில் ஆள் பிரிக்கும்போது பார்க்கலாம். வேகமாக ஓடுபவள் முன்னே. உயரமானவள் கோல்கீப்பர். நன்றாகப் பந்து கடத்துபவள் நடுவில். மிச்சம் இருப்பவள், லேட்டாக வந்தவள், ஷூ இல்லாதவள், இவர்கள்தான் பேக். அந்த இடத்துக்கென்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, எட்டாம் வகுப்பிலிருந்து அங்கேயே நிறுத்திப் பழக்கும் வாத்தியார்கள் நம்மிடம் குறைவு. ஆட்டத்தைப் பின்னாலிருந்து பார்க்கத் தெரிந்த, வாய் ஓயாமல் மற்றவர்களை நகர்த்துகிற பெண் எந்த வகுப்பிலும் ஒருத்தியாவது இருப்பாள். போடியில் கட்டாயம் இருப்பாள். ஏலச்செடி மறைவிலிருந்து பத்துச் செடி தள்ளி நிற்பவளுக்குக் குரல் கொடுத்தே வேலை பார்க்கிற அம்மாவின் பிள்ளை அவள். அவளைப் பிடித்துப் பின்னால் நிறுத்த ஒரு வாத்தியார் வேண்டும். அம்மா வந்து இறங்கிய பிறகும் ஆட முடிகிற மாதிரி, ஏழு மணிக்கு எரிகிற விளக்கு ஒன்று அந்த மைதானத்துக்கு வேண்டும்.